ஆறு நாள் லீவுக்கு ஒரே ஊர் போதுமா?

கேள்வி: கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. அம்மாவுக்கு 71 வயது. போன கோடை விடுமுறையில் ஒரு பேக்கேஜில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், ஹரித்வார், மணாலி என்று ஒன்பது நாளில் சுற்றினோம். திரும்பி வந்ததும் ஆளாளுக்குக் காய்ச்சல். போனில் இரண்டாயிரம் படம் இருக்கிறது, பாதிப் படம் எந்த ஊர் என்றே தெரியவில்லை. "அடுத்த தடவை என்னை வீட்ல விட்டுட்டுப் போங்க" என்கிறாள் மகள். வரும் அரையாண்டு விடுமுறையில் ஆறு நாள் லீவு போட்டிருக்கிறேன். சிதம்பரம், நவக்கிரகக் கோவில்கள், நாகூர், வேளாங்கண்ணி, தஞ்சாவூர், ராமேஸ்வரம், மதுரை என்று ஒரு திட்டம் எழுதி இணைத்திருக்கிறேன். மனைவியோ ஸ்லோ டிராவல் என்கிற நிதானப் பயணம் பற்றி எங்கோ படித்துவிட்டு, இந்த முறை ஒரே ஊரில் தங்கலாம் என்கிறார். மாதக்கணக்கில் லீவும் கையில் காசும் உள்ள வெள்ளைக்காரர்களுக்கு அது சரி. நமக்கு ஒத்துவருமா? அம்மாவுக்கு நவக்கிரகக் கோவில் ஒன்பதையும் பார்த்தாக வேண்டும். அப்புறம், "அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காமலா வந்தாய்?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: நான் உங்கள் மனைவியின் பக்கம். திட்டத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எந்தத் திட்டம் கைக்கு வந்தாலும் இரவுத் தங்கல் எங்கே என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். உங்களுடையதில் ஐந்து இரவு, ஐந்து ஊர். அதாவது தினமும் காலையில் ஐந்து பேரின் சாமானையும் கட்டி, ஈரத் துண்டைப் பிளாஸ்டிக் பையில் திணித்து, சார்ஜரைத் தேடி, அம்மாவின் மாத்திரை டப்பா எந்தப் பையில் போனது என்று எல்லாவற்றையும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சாயங்காலம் அடுத்த ஊரில் ரிசப்ஷனில் நின்று ஆதார் நகல் கொடுத்து, மாடி அறை வேண்டாம் கீழே கொடுங்கள் என்று மன்றாடி, கீசருக்கு எந்த சுவிட்ச் என்று கண்டுபிடிக்கும்போது மணி எட்டாகிவிடும். போன கோடையில் உங்களைப் படுத்தியெடுத்தது தூரம் என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ தினம் ஒரு படுக்கை மாறியதுதான் காரணம் என்று தோன்றுகிறது. நிதானமான பயணத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோலும் அதுவே. எத்தனை நாள் போனீர்கள் என்று நான் கேட்பதில்லை, எத்தனை முறை பெட்டி கட்டினீர்கள் என்றுதான் கேட்பேன். சனி, ஞாயிறு இரண்டே நாள் கிடைத்தாலும் ஒரே இடத்தில் ஆற அமர இருந்துவிட்டு வரலாம். அதனால் மாதக்கணக்கில் லீவு வேண்டும் என்ற கவலையை விடுங்கள்.

பேக்கேஜ் ஏன் அப்படி அரக்கப் பரக்க ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானும் பேக்கேஜ் போட்டு விற்கிறவன்தான். ஒரே விலையில் இரண்டு பேர் திட்டம் கொடுத்தால், வாடிக்கையாளர் அதிக ஊர்ப் பெயர் இருக்கிற தாளையே எடுக்கிறார். ஒரு பெயரைக் கூடுதலாக எழுத எங்களுக்குச் செலவு அதிகமில்லை. போகிற வழியில் இருபது நிமிடம் வண்டியை நிறுத்தினால் அதுவும் ஒரு இடம். வண்டிக்குள் இருந்தபடியே கையைக் காட்டினாலும் ஒரு இடம். நடுவில் ஒரு சேலைக் கடையிலோ கைவினைக் கடையிலோ ஒரு மணி நேரம் நிற்பீர்களே, அதில் யாருக்கோ கமிஷன் உண்டு. ஜெய்ப்பூரில் நிறைய நேரம் நின்றது கோட்டையிலா கடையிலா என்று யோசித்துப் பாருங்கள். தொழிலைக் குறை சொல்லவில்லை. கேட்கிற சரக்கைத்தான் எல்லோரும் விற்கிறோம்.

இதைப் பற்றி ஆய்வும் இருக்கிறது. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் விவரம் சேகரித்து 2010ல் ஓர் ஆய்வு வெளியானது. விடுமுறைக்குக் கிளம்பும் முன், போகாதவர்களைவிடப் போகிறவர்கள் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. மிகவும் ஓய்வாக இருந்தது என்று சொன்னவர்களுக்கு மட்டும்தான் வந்த பிறகும் கொஞ்ச நாள் அந்தச் சந்தோஷம் தங்கியது. உங்கள் இரண்டாயிரம் படங்களுக்கும் பதில் இருக்கிறது. லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்க உளவியலாளர், அருங்காட்சியகத்துக்கு ஆட்களை அழைத்துப்போய்ச் சில பொருள்களைப் படம் எடுக்கச் சொன்னார், சிலவற்றைப் பார்க்க மட்டும் சொன்னார். முழுதாகப் படம் எடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. ஆனால் ஒரு பொருளின் ஏதோ ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுக்கச் சொன்னபோது நினைவு அப்படிக் குறையவில்லை. இந்த இரண்டாவது விஷயத்தை மகளுக்காக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

வெள்ளைக்காரர் பழக்கம் என்கிறீர்கள். பெயர் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். 1986ல் ரோம் நகரில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்ததை எதிர்த்துக் கிளம்பிய ஸ்லோ ஃபுட் இயக்கத்தின் வால்பிடித்து வந்த பெயர் அது. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் தைப்பூசத்துக்குப் பழனிவரை காவடியோடு நடப்பது அதற்கு எத்தனையோ தலைமுறை முந்தியது. ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்களுக்காக வழிநெடுகச் சத்திரம் கட்டிச் சோறு போட்டவர்கள் தஞ்சை மராட்டிய மன்னர்கள். ரயில் இல்லாததால் நடந்தார்கள், அதில் பெருமை என்ன என்று கேட்டால், அதுவும் நியாயம்தான்.

சரி, உங்கள் ஆறு நாளுக்கு வருவோம். சிதம்பரம், நாகூர், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், மதுரை எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். ஐந்து இரவும் கும்பகோணம். கோவையிலிருந்து மயிலாடுதுறை போகும் ஜன சதாப்தி காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு உங்களைக் கும்பகோணத்தில் இறக்கிவிடும். வண்டி போகும் திசைக்கு இடப்பக்க சன்னலோரம் அம்மாவை உட்காரவையுங்கள். ஈரோட்டுக்கு அப்புறம் திருச்சி வரைக்கும், கொடுமுடி, குளித்தலைப் பக்கமெல்லாம் காவிரி அந்தப் பக்கம்தான் கூடவே வரும்.

டெல்டாவில் சுற்றும்போது கார்க்காரரோடு எல்லோரும் சண்டை போடுவது ஒரே விஷயத்துக்கு. இங்கே பெரும்பாலான கோவில்கள் நண்பகல் 12, 12.30க்கு நடை சாத்திவிட்டு மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். அவசரத் திட்டத்தில் இந்த நான்கு மணி நேரம் கார் சீட்டிலோ பூட்டிய கதவுக்கு முன்னாலோ போகும். ஊரிலேயே அறை இருந்தால் அறைக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கலாம். 71 வயது அம்மாவுக்கும் ஒன்பது வயதுப் பையனுக்கும் அந்தத் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்பது மாலையில் தெரியும். நீங்கள் போவது மார்கழியில் என்பதால் கோவில்கள் விடியற்காலையிலேயே திறந்துவிடும். சம்பாப் பயிர் பச்சையாக நிற்கும். மழை முழுசாக விட்டிருக்காது, குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலை தாராசுரம். ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர்கூட இருக்காது, ஆட்டோ போதும். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேஸ்வரர் கோவில், 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பேக்கேஜ்காரர்கள் இங்கே கொடுப்பது முக்கால் மணி நேரம். அதில் தேர் மாதிரி சக்கரம் வைத்த மண்டபத்தின் முன் நின்று படம் எடுக்கலாம், அவ்வளவுதான். நீங்கள் மூலவர் சன்னதியின் வெளிச்சுவரைக் கீழே குனிந்து பாருங்கள். ஒரு சாண் உயரத்துக்குச் சின்னச் சின்னச் சிற்பங்கள் வரிசையாக ஓடும். பெரியபுராணக் கதைகள். உங்கள் ஊர்க்கதையே அங்கே இருக்கிறது: அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை. கோயம்புத்தூர்க்காரர்களாகிய நீங்கள் அவிநாசி சாலையில் எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். அந்த ஒரு முதலையைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலையைப் பையனிடம் விடுங்கள். இன்னொன்று, யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கிற சிற்பம். யானையின் உடம்பைக் கையால் மறைத்தால் காளை, காளையை மறைத்தால் யானை. மகளிடம் போனைப் பிடுங்க வேண்டாம். "முழுக் கோவிலை எடுக்காதே, எங்களுக்குத் தெரியாத சின்ன சின்ன விஷயமாக எடு" என்று மட்டும் சொல்லுங்கள். ஹென்கல் ஆய்வில் வந்த அந்த இரண்டாவது விஷயம் இங்கே உதவும். கோவிலில் எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளட்டும்.

அதே தாராசுரத்துக்கு ஆறாம் நாள் காலையில் மறுபடி போங்கள். ரயில் மத்தியானத்துக்கு அப்புறம்தான். ஏற்கெனவே பார்த்த இடத்துக்கு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். முதல் தடவை போகும்போது செருப்பை எங்கே விடுவது, அர்ச்சனைச் சீட்டு எங்கே, பையன் எங்கே ஓடினான் என்பதிலேயே கவனம் போய்விடும். இரண்டாம் தடவை அந்தக் கவலை எதுவும் இல்லை. கண் தானாக நிதானமாகிவிடும். மனதை ஒருமுகப்படுத்துவது, மூச்சைக் கவனிப்பது என்று இதற்கு யார் யாரோ வகுப்பு எடுக்கிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது, பிடித்த இடத்துக்கு இன்னொரு நேரத்தில் திரும்பப் போங்கள் என்பதுதான்.

சுவாமிமலையில் கோவிலோடு திரும்பிவிடாதீர்கள். அங்கே ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்க்கிற பட்டறைகள் இருக்கின்றன. கேட்டுக்கொண்டு உள்ளே போனால் பெரும்பாலும் பார்க்க விடுவார்கள். தேன்மெழுகும் குங்கிலியப் பிசினும் கலந்து முதலில் மெழுகில் சிலை செய்வார்கள், விரல் நகம் உட்பட எல்லாம் அதிலேயே இருக்கும். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சிலை கிடைக்கும். அச்சு போய்விடுவதால் அதே சிலையை அப்படியே இன்னொன்று எடுக்க முடியாது. ஒரு சிலைக்கான வேலை வாரக்கணக்கில் ஓடும். ஒரு மணி நேரத்தில் முழுதும் பார்க்க முடியாது, ஆனால் வேறு வேறு கட்டத்தில் இருக்கிற சிலைகள் சுற்றிலும் கிடக்கும். கோவிலுக்கு ஏறும் 60 படிகள் தமிழ் ஆண்டுகள் அறுபதையும் குறிக்கும். அவரவர் பிறந்த ஆண்டுப் படியைக் குழந்தைகள் தேடட்டும். பையன் 2016 சித்திரைக்கும் 2017 சித்திரைக்கும் இடையில் பிறந்திருந்தால் துன்முகி. அம்மாவின் முட்டி என்ன சொல்கிறதோ அதன்படி அவர் ஏறலாம், கீழேயே உட்காரலாம்.

இப்போது அம்மாவின் ஒன்பது கோவில். ஸ்லோ டிராவல் பேசுகிறவர்கள் பட்டியல் என்றாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அம்மா கேட்பது வேண்டுதல், அதில் பேரம் பேசக் கூடாது. காலையில் கிளம்பி ராத்திரிக்குள் ஒன்பதையும் முடிக்கிற பயணங்கள் ஓடுகின்றன, அதில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். கும்பகோணத்தில் தங்கினால் பிரித்துப் பார்த்துவிடலாம். திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர் மூன்றும் ஒரே பக்கம், ஒரு காலையில் முடியும். சூரியனார்கோவிலில் ஒன்பது கிரகங்களுக்கும் தனித்தனிச் சன்னதி இருக்கிறது. எந்தக் காரணத்தாலோ மற்றவை தவறிப்போனால் அம்மாவுக்கு அதுவே ஆறுதல். ஆலங்குடிக்கு ஒரு மாலை போதும். திங்களூரைத் தஞ்சாவூர் போகிற நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், கும்பகோணத்திலிருந்து திருவையாறு வழியாகப் போனால் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பெரியபுராணத்தில் வரும் அப்பூதியடிகள் வாழ்ந்த ஊர் அது. தாராசுரத்தில் பெரியபுராணம் பார்த்துவிட்டுப் போனால் குழந்தைகளுக்கும் சொல்லக் கதை இருக்கும்.

மிச்சம் வைத்தீஸ்வரன் கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. இவை தூரம், ஒரு நாள் கார் வேண்டும். முதல் மூன்றையும் காலையில் பார்த்துவிட்டு, நடை சாத்தியிருக்கும் நேரத்தில் கடலோரமாகத் தரங்கம்பாடி வழியே இறங்கினால் 1620ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் காற்று வாங்கலாம். நான்கு மணிக்குத் திருநள்ளாறு. இது நிதானமான நாள் இல்லைதான். அதனால் எல்லோரும் போக வேண்டாம் என்பேன். நீங்களும் அம்மாவும் மட்டும் போங்கள். மனைவியும் குழந்தைகளும் ஊரில் இருக்கட்டும். மகாமகக் குளத்தைச் சுற்றட்டும், மகள் பத்து மணி வரை தூங்கட்டும், காலைச் சாப்பாட்டுக்கு இட்லியோடு கடப்பா கிடைக்கிற மெஸ்ஸைத் தேடட்டும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட அந்தக் குழம்பு கோவையில் சுலபமாகக் கிடைக்காது. ஐந்து பேரும் எப்போதும் ஒன்றாகவே நகர வேண்டும் என்பது பேக்கேஜ் கற்றுக்கொடுத்த பழக்கம். மகள் வர மாட்டேன் என்பதற்குப் பாதிக் காரணம் அதுவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

தஞ்சாவூருக்கு ஒரு நாள் போதும், ஆனால் பெரிய கோவிலுக்கு மாலையில் போங்கள். நடுப்பகலில் அந்தத் தரையில் வெறுங்காலோடு நின்றால் கால் பொத்துப்போகும், மார்கழியிலும் வெயில் வெயில்தான். 1010ல் முடிந்த கோவில் அது. சுவர் முழுக்கக் கல்வெட்டு. கோவிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரின் பெயரும் அவர்கள் குடியிருந்த வீடும்கூட அதில் உண்டு. க, ட, ப என்று சில எழுத்துகளை இன்றைக்கும் அடையாளம் காணலாம், முயன்று பார்க்கட்டும்.

ஒன்று எச்சரிக்கிறேன். மூன்றாம் நாள் மாலை உங்களுக்கு ஒரு பதற்றம் வரும். அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது போனில் மேப்பைத் திறப்பீர்கள். "வேளாங்கண்ணி ரெண்டு மணி நேரம்தான், போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்பீர்கள். எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கும் இது வருகிறது, அதுவும் வங்கி, ஐடி மாதிரி வேலையில் இருக்கிறவர்களுக்குத் தவறாமல். லீவு வீணாகிறதோ என்ற பயம் அது. மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவர் மறுத்துவிடட்டும். நீங்கள் இறங்கிப் போய் ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு வாருங்கள்.

இந்த முறை எல்லாப் பயணத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். விசா எடுத்து, விமானத்துக்கு அழுது, வாழ்நாளில் ஒரு தடவை போகிற வெளிநாட்டுக்கு ஒரே ஊரில் இருங்கள் என்றால் யார் கேட்பார்கள்? அங்கேயும் இரண்டு இரவுக்குக் குறைவாக எங்கும் தங்க வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

காசு விஷயத்தில் உங்களுக்கு மிச்சமே. ஆறு நாளும் கார் வைத்தால் கிலோமீட்டர் கணக்கோடு டிரைவர் பேட்டாவும் தினமும் ஏறும். இங்கே காருக்கு ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். பக்கத்து ஊர்களுக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் அம்மா, மனைவி, மகள் மூவருக்கும் டிக்கெட் கிடையாது, உங்களுக்கும் பையனுக்கும் மட்டும் எடுத்தால் போதும். ஐந்து இரவு சேர்ந்தாற்போல எடுக்கிறோம் என்றால் லாட்ஜிலும் வாடகை பேசிக் குறைக்கலாம், தயங்காமல் கேளுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு, "ராமேஸ்வரம் அடுத்த வருஷம்" என்று சொல்லிவிடுங்கள். போனாலும் போவீர்கள்.

ரயிலுக்கு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. அரையாண்டு விடுமுறைக் கூட்டம் இருக்கும் என்பதால் திறக்கிற அன்றே எடுத்துவிடுங்கள். ஜனவரி முதல் தேதி கோவில்களில் கால் வைக்க இடமிருக்காது, அதற்கு முன் ஊர் திரும்பிவிடுவது நல்லது. அறைக்குப் பேசும்போது தரைத்தளமா, மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிறதா என்று கேளுங்கள். திருநள்ளாற்றில் சனிக்கிழமையும் ஆலங்குடியில் வியாழக்கிழமையும் நல்ல கூட்டம் இருக்கும். அம்மாவுக்கு அந்தந்தக் கிழமைதான் வேண்டுமா, கூட்டமில்லாத நாள் போதுமா என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள். மற்ற நாட்களை அதற்குத் தக்கபடி முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம்.